வாளுக்கு மாறிய பிறகு வாரியரின் அடி குறைந்துவிட்டது. ஹிட் மோதிரம் யாருக்கு?

கேள்வி:
வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில் எங்கள் கில்டுக்கு, அதாவது ஆட்டக்காரர் குழுவுக்கு, கிடைக்கும் பொருள்களைப் பங்கிடும் பொறுப்பு என்னுடையது. எங்கள் ஓர்க் வாரியர் இரண்டு கைகளிலும் கோடரி ஏந்தி நன்றாக அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரங்களுக்கு முன் அவருடைய வலது கைக்கு ஒரு வாள் கிடைத்தது. எண்களைப் பார்த்தால் கோடரியைவிட வாளே மேல். ஆனால் பாஸ் எனும் பெரிய எதிரிகளுடனான சண்டைகளில் அவர் தரும் சேதம் குறைந்துவிட்டது. உடைகளில் 9% ஹிட் (அடி தவறும் வாய்ப்பைக் குறைக்கும் எண்) இருந்தும் ஐந்து வீச்சில் ஒன்று தவறுகிறது.

மோல்டன் கோர் நிலவறையில் ரேக்னரோஸ் என்ற பாஸிடமிருந்து 'பேண்ட் ஆஃப் அக்யூரியா' மோதிரம் (16 அஜிலிட்டி எனும் சுறுசுறுப்பு, 10 ஸ்டாமினா எனும் தாங்குதிறன், 2% ஹிட்) விழுந்தால் அவருக்கே தருவதாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, அம்பு எய்யும் எங்கள் ஹண்டர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மந்திரத்தால் தாக்கும் மேஜும் அந்த மோதிரத்தையே கேட்கிறார். நாற்பது பேர் உழைக்கும் இடத்தில் யாருக்கும் அநியாயம் செய்துவிடக் கூடாது. எங்கே பிசகு?

முதல் பதில்:
அவருடைய வாள் திறன் 300 ஆகிவிட்டதா? புதிய வகை ஆயுதத்தைப் பழகாமல் ரெய்டுக்கு (பலர் சேர்ந்து போகும் பெரிய சண்டைக்கு) எடுத்து வந்தால் அடி தவறிக்கொண்டேதான் இருக்கும்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். முழு 300 இருக்கிறது.

இரண்டாம் பதில்:
அந்த 300தான் சிக்கல், நண்பரே. ஓர்க் இனத்துக்குக் கோடரியில் பிறவியிலேயே 5 கூடுதல்; கோடரி பிடித்தவரை அவருக்கு 305 இருந்தது. ரெய்டு பாஸ் 63ஆம் நிலை. 300 திறனில் மஞ்சள் அடிகள், அதாவது நாம் பொத்தான் அழுத்தி அடிப்பவை, தவறாதிருக்க 9% ஹிட் வேண்டும். 305இல் 6% போதும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. தானாக விழும் வெள்ளை அடிகளில் 40% பாஸ் மீது உரசிக்கொண்டுதான் போகும். 300 திறனில் அந்த உரசல் அடிகள் சராசரியாக 35% சேதத்தை இழக்கும். 305இல் 15% மட்டுமே. எத்தனை ஹிட் சேர்த்தாலும் இது ஈடாகாது.

ஐந்தில் ஒன்று தவறுவது கோளாறு அல்ல. இரண்டு கைகளிலும் ஆயுதம் ஏந்தினால் வெள்ளை அடிகள் கூடுதலாக 19% தவறும். நீங்கள் சொல்லும் 9% மஞ்சள் அடிகளுக்கான எல்லை.

ஹண்டரின் அம்புக்கு இந்த 19% இல்லை, உரசலும் இல்லை. ஹிட் தரும் ஷூர்ஃபுட்டட் திறமையை முழுதாக எடுத்திருக்கிறாரா? உடைகளில் எவ்வளவு ஹிட்?

கேட்டவர்:
திறமையில் 3%, உடைகளில் 4%.

இரண்டாம் பதில்:
அப்படியானால் 7%. இந்த மோதிரம் சேர்ந்தால் கச்சிதமாக 9%. ஹண்டருக்கு ஒரு அஜிலிட்டிக்கு 2 தூரத் தாக்குதல் பலம் வீதம் 16க்கு 32 கிடைக்கும். அதோடு கொஞ்சம் கிரிட் (அடி வழக்கத்தைவிடப் பலமாக விழும் வாய்ப்பு). வாரியருக்கு 20 அஜிலிட்டி இருந்தால்தான் 1% கிரிட். மேஜிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: கிளாசிக்கில் மந்திர ஹிட் தனி எண். இந்த மோதிரத்தின் ஹிட் ஒரு ஃப்ராஸ்ட்போல்ட் மந்திரத்துக்கும் உதவாது.

மூன்றாம் பதில்:
கோடரி விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன், மோதிரத்தில் இல்லை. வாரியருக்கு ரேஜ், அதாவது பொத்தான் அடிகளுக்குச் செலவாகும் ஆற்றல், சேர்வதே பெரும்பாலும் வெள்ளை அடிகளால்தான். ஓர் அடி தவறினால் அதன் ரேஜும் போய்விடும். ஆகவே மஞ்சள் எல்லையைத் தாண்டிய ஹிட்டும் அவருக்கு வீணில்லை. ஹண்டருக்கோ 9%ஐத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. அவர் இன்னும் இரண்டு உடைகள் மாற்றினால் மோதிரத்தின் ஹிட் பயனற்றுப்போகும். நான் வாரியருக்கே கொடுப்பேன்.

இரண்டாம் பதில்:
ஹண்டர் நாளை அணியப்போகும் உடையை வைத்து இன்றைய பங்கை மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாரியர் இழந்ததைக் கோடரியே திருப்பித் தரும்.

கேட்டவர் (ஒரு வாரம் கழித்து):
வாரியர் வலது கைக்குக் கோடரியையே திரும்ப எடுத்துக்கொண்டார். சேதம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஹிட்டுக்காகவே போட்டிருந்த கையுறையைக் கழற்றிவிட்டுப் பலம் கூடிய வேறொன்றை அணிந்திருக்கிறார். அவரே ஹண்டரிடம் போய் மோதிரத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். இந்த வாரம் ரேக்னரோஸிடம் அது விழவில்லை. விழும் நாளில் ஹண்டருக்கு, அடுத்தது வாரியருக்கு என்று கில்டு அறிவிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.