சிக்னல் இல்லாத மலைப்பகுதிக்குப் போகும் முன் எதை முதலில் கத்துக்கணும்?

பாதைதேடி:
வணக்கம். இதுவரைக்கும் வழிகாட்டியோட குழுப் பயணம் மட்டும்தான் போயிருக்கேன். முன்னாடி போறவர் பின்னாலயே நடந்து பழக்கம். அடுத்த வருஷம் நானும் நண்பரும் மட்டும், சிக்னல் இல்லாத மலைப்பகுதியில மூணு ராத்திரி கூடாரத்துல தங்கி வரணும்னு ஆசை. குச்சியைக் கடைஞ்சு தீ மூட்டறது, கண்ணி வைக்கறது, காட்டுச் செடியை அடையாளம் கண்டு சாப்பிடறதுன்னு நிறைய வீடியோ பார்க்கறேன். எதுல ஆரம்பிக்கறதுன்னு புரியல. காம்பஸ் வாங்கியாச்சு, ஊசி வடக்கைக் காட்டும்கறதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. போன்ல ஜிபிஎஸ் இருக்கே, அது போதாதா?

முகடு:
கண்ணியையும் செடியையும் இப்போதைக்கு ஒதுக்கி வைங்க. மூணு நாள் சாப்பாடு குறைஞ்சா பசிக்கும், அவ்வளவுதான். தப்பா அடையாளம் கண்ட ஒரு செடி உயிரையே எடுத்துடும். நீங்க முதல்ல கத்துக்க வேண்டியது மேப் படிக்கறது. காம்பஸ்கூட அதுக்கு அப்புறம்தான்.

1:50,000 அளவு மேப் ஒண்ணு எடுத்துக்கோங்க. அதுல 1 செ.மீ. தரையில 500 மீட்டர். சாலை, ஊர்ப் பேர் எல்லாத்தையும் விட்டுட்டு சம உயரக் கோடுகளை (ஒரே உயரத்துல இருக்கற இடங்களை இணைக்கற கோடுகள்) மட்டும் பாருங்க. கோடுகள் நெருக்கமா இருந்தா செங்குத்து, விலகி இருந்தா சமதளம், இது எல்லாருக்கும் சீக்கிரம் பிடிபடும். குழப்பம் வர்ற இடம் வேற. ஓடை ஓடற பள்ளத்துலயும் கோடு வளையும், மலையோட கிளை முகடு நீளற இடத்துலயும் அதே மாதிரி வளையும். ரெண்டும் பார்க்க ஒரே V தான். V-யோட முனை உயரமான பக்கம் பார்த்தா பள்ளம், தாழ்வான பக்கம் பார்த்தா முகடு. அதனால கோட்டு மேல எழுதியிருக்கற உயர எண்ணைப் பார்க்காம முடிவு பண்ணாதீங்க. முகடுன்னு நினைச்சு ஓடைப் பள்ளத்துல இறங்கினா அது பல இடத்துல அருவியிலயோ பாறைச் சரிவுலயோ போய் முடியும்.

இதை நல்லாத் தெரிஞ்ச இடத்துலயே பழகுங்க. நடக்கும்போது, அடுத்து என்ன வரும்னு மேப்பைப் பார்த்து முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லுங்க: "இன்னும் 400 மீட்டர்ல வலது பக்கம் ஓடை சேரும், அதைத் தாண்டினதும் ஏத்தம்." சொன்னது வந்தா தொடருங்க. வரலைன்னா அங்கேயே நில்லுங்க. என்னைக் கேட்டா வழி கண்டுபிடிக்கற கலை மொத்தமும் இதுதான். தொலைஞ்ச பிறகு எங்க இருக்கோம்னு தேடறது ரொம்பக் கஷ்டம். தப்பு 200 மீட்டரா இருக்கும்போதே பிடிச்சுட்டா அது ஒரு விஷயமே இல்ல.

நேரத்தையும் இதே மாதிரி முன்கூட்டியே கணிக்கலாம். 1892-ல நெய்ஸ்மித்ங்கற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்னும் புழக்கத்துல இருக்கு: மணிக்கு 5 கி.மீ., அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் ஒரு மணி நேரம் கூட. 8 கி.மீ. தூரமும் 600 மீட்டர் ஏத்தமும்னா 2 மணி 36 நிமிஷம். முதுகுல பாரம் இருந்தா, புதர்க்காடா இருந்தா இன்னும் ஆகும். நீங்க நடந்து பார்த்து உங்க கணக்கைத் திருத்திக்கோங்க. கணக்குப்படி வர வேண்டிய ஓடை அரை மணி நேரம் கழிச்சும் வரலைன்னா, கால் சொல்றதைக் கேட்காம மேப்பை விரிங்க.

அப்புறம் காம்பஸ். காம்பஸோட அடித்தட்டு ஓரத்தை, தட்டோட முன்பக்கம் போற இடத்தைப் பார்க்கற மாதிரி, இருக்கற இடத்துல இருந்து போற இடத்துக்கு மேப் மேல வைங்க. டிகிரி எண் போட்ட வட்டத்தைத் திருப்பி, உள்ள இருக்கற கோடுகளை மேப்போட வடக்குக் கோடுகளுக்கு இணையா கொண்டு வாங்க. வட்டத்துல இருக்கற அம்பு மேப்போட வடக்கைப் பார்க்கணும், தலைகீழா வச்சா நேர் எதிர்த் திசைக்குக் கிளம்பிடுவீங்க. இப்ப காம்பஸை மேப்புல இருந்து எடுத்து நெஞ்சுக்கு நேரா பிடிச்சு, ஊசியோட சிவப்பு முனை அந்த அம்புக்குள்ள வர்ற வரைக்கும் நீங்க திரும்புங்க. காம்பஸை மட்டும் தனியா திருப்பக் கூடாது, உடம்பைத் திருப்பணும். இப்ப தட்டோட முன்பக்கம் காட்டற திசைதான் நீங்க நடக்க வேண்டிய திசை. போன் பக்கத்துல இருந்தா ஊசி விலகும், தள்ளி வைங்க.

காம்பஸ் இல்லாம நேரா நடந்துடலாம்னு மட்டும் நம்பாதீங்க. 2009-ல ஜெர்மனியோட மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவங்க ஆட்களைக் காட்டுலயும் பாலைவனத்துலயும் நடக்க விட்டுப் பார்த்தாங்க. சூரியன் தெரியாதப்ப காட்டுல நடந்தவங்க நேரா போறதா நினைச்சுக்கிட்டே வட்டமடிச்சு, தாங்க வந்த பாதையையே குறுக்கே கடந்தாங்க.

ஜிபிஎஸ் தாராளமா வச்சுக்கோங்க. மேப்பை முன்னாடியே இறக்கி வச்சிருந்தா சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். ஃபிளைட் மோடுல போட்டு, குளிர்ல உள்சட்டைப் பையில வைங்க, பேட்டரி தாங்கும். ஆனா அது காட்டறது ஒரு நீலப் புள்ளி. புள்ளிக்கு முன்னாடி இருக்கறது இறங்க முடியாத சரிவுன்னு கோட்டைப் படிக்கத் தெரிஞ்சவருக்குத்தான் தெரியும்.

மழைக்கூடு:
முகடு சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மலை மீட்புக் குழுவில் தன்னார்வலராக இருப்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

குளிரைப் பனிமலை விஷயம் என்று நினைக்காதீர்கள். 10 டிகிரியில் மழையும் காற்றும் சேர்ந்தாலே போதும், உள்ளுடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்விடும். பேச்சு குழறும், விரல் ஜிப்பைப் பிடிக்காது, நடை தள்ளாடும். நண்பரிடம் இதைப் பார்த்தால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்வதை நம்ப வேண்டாம். உடனே காற்று படாத இடத்தில் நிறுத்தி, ஈர உடையை மாற்றி, தரைக்கும் உடம்புக்கும் நடுவில் பாய் போடுங்கள். பருத்தி உடை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது, அது வேண்டவே வேண்டாம்.

தீ மூட்டப் பழகுவது நல்லதுதான், ஆனால் லைட்டரும் ஈர விறகும் வைத்துப் பழகுங்கள். குச்சி கடைவது பிறகு. ஓடைத் தண்ணீரை நன்றாகக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

போகும் வழி, தங்கும் இடங்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேட வேண்டும், இவற்றை எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்தத் தாள் இருந்தால் நாங்கள் ஒரு பள்ளத்தாக்கைத் தேடுவோம், இல்லாவிட்டால் மலை முழுவதையும். விசில் கழுத்திலேயே இருக்கட்டும்: நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. சில நாடுகளில் மூன்று முறை ஊதுவதுதான் வழக்கம்.

பாதைதேடி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு மேப் வாங்கி நேத்து பூரா கோடுகளையே பார்த்துட்டிருந்தேன். ஓரத்துல "காந்த ஒதுக்கம் 10° கிழக்கு"ன்னு போட்டிருக்கு. இதைக் கண்டுக்காம விட்டா ஏதாவது ஆகுமா?

முகடு:
ஆகும். மேப் காட்டறது புவியியல் வடக்கு, ஊசி காட்டறது காந்த வடக்கு. 10 டிகிரின்னா ஒரு கி.மீ.க்குச் சுமார் 175 மீட்டர் விலகிப் போவீங்க. மூணு கி.மீ. போனா அரை கிலோமீட்டருக்கு மேல, அதாவது பக்கத்துப் பள்ளத்தாக்கு. உங்களுக்குக் கிழக்கு ஒதுக்கம், அதனால மேப்புல எடுத்த கோணத்துல இருந்து 10 கழிச்சு காம்பஸ்ல வைங்க. மேப்புல 90 வந்தா காம்பஸ்ல 80. மேற்கு ஒதுக்கமா இருந்தா கூட்டணும். மேப் அச்சான வருஷத்தையும் பாருங்க, இந்தக் கோணம் வருஷா வருஷம் மாறும். பழைய மேப்னா இப்போதைய மதிப்பைத் தேடி எடுத்து, மேப் ஓரத்துலயே பென்சில்ல எழுதி வச்சுக்கோங்க.