ஸ்பின்னிங் ரீல்: ‘சுழல்’ வேண்டாம், ‘நிலைத்தார் ரீல்’ என்போம்

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கரையில் நின்று இலகுவான கோல் கொண்டு மீன்பிடிக்கப் பழகும் பிள்ளைகளுக்காக மண்டபத்தில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். எந்தக் கோலுக்கு எந்த ரீல் (தூண்டில் கயிற்றைச் சுற்றிவைக்கும் கருவி) என்பதுதான் அதன் முதல் பகுதி. அதற்காகத்தான் ‘ஸ்பின்னிங் ரீல்’ என்பதற்குச் சொல் கேட்டிருந்தேன். ‘சுழல் சுருள்’ என்று இருவர் எழுதினீர்கள். ‘நூற்புருளை’ என்றார் ஒருவர். ரீல் என்றே விட்டுவிடலாம் என்பது மற்றவர்கள் கருத்து. நேரம் ஒதுக்கி யோசித்த எல்லோருக்கும் நன்றி. முதல் இரண்டு சொற்களையும் ஏன் ஏற்க முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த ரீலில் நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, சுற்றியிருக்கும் பகுதி, வீசும்போது சுழல்வதே இல்லை. அசையாமல் நிற்கிறது. நரம்பு அதன் முன்விளிம்பு வழியாக வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகிறது. கைப்பிடியைச் சுற்றி நரம்பை இழுக்கும்போதும் சுழல்வது அதைச் சுற்றியுள்ள கூடும் மடக்குக் கம்பியும்தான். நடுவில் இருப்பது முன்னும் பின்னும் நகருமே தவிரத் தானாகச் சுற்றாது. கோலின் மேல்பக்கம் பூட்டுகிற இன்னொரு வகை ரீலில்தான் நரம்புச்சுற்றே உருண்டு நரம்பை விடுகிறது. அப்படியானால் சுழலாத ஒன்றுக்குச் ‘சுழல்’ என்று பெயர் வைத்து, சுழலும் ஒன்றுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும். கையேட்டைப் படிக்கிற பையன் முதல் பக்கத்திலேயே குழம்பிப்போவான்.

ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்ததும் ரீலைப் பார்த்து அல்ல. நீரில் சுழன்று வரும் இரையை வீசி இழுக்கும் மீன்பிடி முறைக்குத்தான் அங்கே ‘ஸ்பின்னிங்’ என்று பெயர். அந்த முறைக்குப் பயன்பட்டதால் ரீலுக்கும் அது ஒட்டிக்கொண்டது. நூல் நூற்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே ‘நூற்புருளை’யும் நிற்காது.

ஆனால் அந்த நண்பர் துணித்தொழில் பக்கம் போனது நல்ல திசை. இந்த வகை ரீலுக்கு இங்கிலாந்தில் 1905இல் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், கம்பளி ஆலைத் தொழிலில் இருந்தவர். ஆலையில் நூல் அசையாத குச்சியின் முனை வழியாக உருவி வருவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். அதைப் படித்தபோது எனக்குப் பரமக்குடி நினைவு வந்தது. நம் மாவட்டத்துத் தறிகள் அங்கேயும் எமனேசுவரத்திலும் இருக்கின்றன. போன மாதம் ஒரு வேலையாகப் போனவன், தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டில் அரை மணி நேரம் தறியருகே உட்கார்ந்து பார்த்தேன். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றிய குச்சிதான் தார். அதை, தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் கட்டையான நாடாவுக்குள் செருகிவிடுகிறார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிறது. உள்ளே தார் அசையவில்லை. நூல் மட்டும் அதன் முனை வழியாக உருவிக்கொண்டே வருகிறது.

“தாரும் சுத்துனா என்னண்ணே ஆகும்?” என்று கேட்டேன்.

“நாடா நிக்கிறப்ப தார் நிக்காதுல்ல தம்பி. அது பாட்டுக்குச் சுத்தி நூலைத் தளரவிட்டுச் சிக்காக்கிடும்.”

உருளும் வகை ரீலைப் புதிதாகப் பிடிப்பவர்களுக்கு நேர்வதும் இதேதான். இரை போய் நீரில் விழுந்த பிறகும் நரம்புச்சுற்று உருண்டுகொண்டே இருக்கும். கையில் குருவிக்கூடு மாதிரி ஒரு சிக்கு மிஞ்சும். ஒரே வீட்டில் இரண்டு ரீலுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.

எனவே என் பரிந்துரை இது: நரம்பு சுற்றும் பகுதிக்குத் தார். அது நிற்கும் வகைக்கு நிலைத்தார் ரீல். உருளும் வகைக்கு உருள்தார் ரீல். ‘ரீல்’ என்பதை மாற்ற வேண்டாம் என்றவர்களோடு உடன்படுகிறேன். தையற்கடை நூலிலிருந்து தூண்டில் வரை எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் அது. அதைப் பிடுங்கி ‘சுருணை’யை நட்டால் பாம்பன் பாலத்தடியில் ஒருவருக்கும் புரியாது. சாலைக்குப் போடும் தாரோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். வாழைத்தாரும் தார்தான்; இதுவரை யாரும் குழம்பவில்லை.

அடுத்து, மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக நழுவவிடும் அமைப்பு. ‘இழுவை’ என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். இழுப்பது மீன். இந்த அமைப்பு செய்வது பிடியைத் தளர்த்துவது. தாருக்குள் அடுக்கியிருக்கும் வட்டத் தகடுகளை முன்னால் உள்ள திருகு அழுத்திப் பிடிக்கிறது. மீனின் இழுப்பு அந்த அழுத்தத்தை மீறினால்தான் தார் பின்னோக்கிச் சுற்றி நரம்பை விடும். நிலைத்தார் சுற்றுகிற ஒரே நேரம் அதுதான்.

இதற்குச் சொல் கீழக்கரையில் கிடைத்தது. வெறுங்கையால் தங்கூசி (நைலான் நரம்பு) போடுகிற ஒரு காக்காவோடு (முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) வள்ளத்தில் போயிருந்தேன். ரீலும் இல்லை, கோலும் இல்லை. பாரை ஒன்று இழுத்தபோது அவர் ஆள்காட்டி விரலின் மேல் தங்கூசியை ஓடவிட்டு, அது தளர்ந்ததும் இரண்டு முழம் வாங்கி, மறுபடி ஓடவிட்டார். “விட்டுப் பிடிக்கணும் தம்பி. கெட்டியாப் பிடிச்சா ஒண்ணு தங்கூசி அறும், இல்ல வெரல் அறும்.” அந்த விரல் செய்வதைத்தான் தகடுகள் செய்கின்றன. விடுபிடி என்று வைத்துக்கொள்ளலாமா? எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றவில்லை. இந்தக் கடற்கரையில் ஏற்கெனவே உள்ள வேலைக்கு ஏற்கெனவே உள்ள பெயர் இது.

கோலுக்கு ஒரு நண்பர் ‘கழை’ என்று எழுதியிருந்தார். பெரும்பாணாற்றுப்படையில் ‘நெடுங்கழைத் தூண்டில்’ இருக்கிறது, கயிற்றுக்கு ‘நாண்’ என்றும் வருகிறது. அழகான சொற்கள்தான். மென்கழை என்பதைத் தலைப்பில் வைக்க ஆசை. உள்ளே கோல், நரம்பு என்றே எழுதுவேன்.

இனி, ரீலைக் கோலோடு பொருத்துவது. இதற்குத்தான் முக்கியமாகச் சொல் தேவை, ஏனென்றால் பிள்ளைகள் தவறுவது இங்கேதான். நானும் தவறினேன். 7 அடிக் கோல், 5 முதல் 20 கிராம் வரை பொய்யிரை வீசுவது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு அதற்கு 5000 எண் ரீலை வாங்கிப் பூட்டினேன். கடலில் பெரிய மீன் வரும், பெரிய ரீல் வேண்டும் என்றார். ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலித்தது. கனமெல்லாம் கைப்பிடிப் பக்கம் இறங்கி, கிழங்கான் மீன் கொத்துவது நுனியில் தெரியவேயில்லை. அதைவிட, பெரிய தாரிலிருந்து அகலமாகச் சுருண்டு கிளம்பும் நரம்பு, மென்கோலில் அது நுழைந்துபோக வேண்டிய சிறிய முதல் வளையத்தில் போய் முட்டியது. இரை போக வேண்டிய தூரம் போகவில்லை. பிறகு 2500 எண்ணுக்கு மாறினேன். அதே கோல், அதே கை. வேறு கோலைப் பிடித்த மாதிரி இருந்தது.

இந்த எண்கள் அளவுகோல் அல்ல என்பதையும் கையேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்கப்படி போடுவது. ஒன்றின் 2500 இன்னொன்றின் 3000 அளவுக்கு இருக்கலாம். எடையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இத்தகைய கோலுக்கு 200 முதல் 270 கிராம் வரை போதும். பூட்டிய பிறகு ரீலின் காலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலை வைத்துத் தூக்கினால் கோல் ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும்.

இந்தப் பொருத்தத்துக்கு ‘இணக்கம்’, ‘ஒத்திசைவு’ எல்லாம் வந்தன. நான் சோடி என்றே சொல்வேன். முதுகுளத்தூர்ப் பக்கம் மாடு வாங்குபவர் ஒற்றை மாட்டின் பலத்தை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டில் நிற்கும் மாட்டுக்கு இது சோடி சேருமா என்றுதான் பார்ப்பார். இங்கே மூன்றையும் சோடி சேர்க்க வேண்டும்: கோல், ரீல், நரம்பு. கோலின் மேலேயே எத்தனை பவுண்டு நரம்பு என்று அச்சிட்டிருப்பார்கள். 10 பவுண்டு நரம்பு என்றால் தாங்கும் எடை ஏறத்தாழ நாலரை கிலோ. விடுபிடியை அதில் கால்பங்கு, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இழுத்தால் விடும்படி வைக்க வேண்டும். ரீல் பெட்டியில் 9 கிலோ விடுபிடி என்று போட்டிருப்பதைப் பார்த்து யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பிடியை இந்த நரம்பு தாங்காது.

தாரில் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் குறைவாக நரம்பு நிறைய வேண்டும். குறைந்தால் விளிம்பில் உரசித் தூரம் போகாது, மிஞ்சினால் வளையம் வளையமாகச் சரியும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) இந்தச் சரிவு ஒரு நாளையே பாழாக்கிவிடும். அப்போது நாங்கள் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் போய்விடுவோம். பின்னல் நரம்பு சுற்றுபவர்கள் அடியில் சில சுற்று சாதாரணத் தங்கூசி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வழுக்கும்.

ஒரே ஒரு உறுப்புக்கு இன்னும் சொல் தேவை. மடக்குக் கம்பியின் ஓரத்தில், நரம்பு திரும்பித் தாருக்குள் ஏறும் இடத்தில், சுண்டுவிரல் நகத்தளவு ஓர் உருளை இருக்கிறது. உப்பு முதலில் பிடிப்பது அங்கேதான். அது சுற்றாமல் நின்றால் நரம்பு முறுக்கேறி வீணாகும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லி எழுதியிருக்கிறேன், எதைக் கழுவ வேண்டும் என்று சொல்லப் பெயரில்லை. கிணற்றிலும் பாய்மரத்திலும் கயிறு ஓடுவதைக் கப்பி என்கிறோமே, இதற்கும் கப்பி என்று எழுதட்டுமா?

அன்புடன்,
மண்டபத்திலிருந்து