லண்டன்ல 10,000 பவுண்டு ஸ்காலர்ஷிப், லீட்ஸ்ல 5,000... எத எடுக்கலாம்?

பல்லு_டாக்டரம்மா:
வணக்கம் மக்களே, இங்க யூகேல படிச்சவங்க நிறைய பேரு இருக்கீங்க அதான் இங்கயே கேக்குறேன். பிடிஎஸ் (பல் டாக்டர் படிப்பு) முடிச்சிட்டு ரெண்டு வருசத்துக்கு மேல க்ளினிக்ல வேலை பாத்துட்டு இருக்கேன், இந்த செப்டம்பருக்கு எம்எஸ்சி பப்ளிக் ஹெல்த் ரெண்டு எடத்துல கெடச்சிருக்கு. ஒண்ணு லண்டன், ஃபீஸ் 32,000 பவுண்டு, ஆனா பிரிட்டிஷ் கவுன்சிலோட சேர்ந்து குடுக்குற கிரேட் ஸ்காலர்ஷிப் 10,000 வந்திருக்கு, ஆக 22,000. இன்னொண்ணு லீட்ஸ், ஃபீஸ் 27,500, அவங்களே 5,000 குறைச்சிருக்காங்க, ஆக 22,500. அப்ப லண்டன் தான 500 பவுண்டு கம்மி? வீட்ல எல்லாரும் லண்டனே போன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. பார்ட் டைம் வேலை பாத்து வாடகைய சமாளிச்சிரலாம்னு ஏஜென்ட் சொல்றாரு, அது நெஜமா? அப்புறம் பேசாம ஒரு வருசம் வெயிட் பண்ணி, முழு செலவும் குடுக்குற செவனிங் ஸ்காலர்ஷிப் ட்ரை பண்ணலாமான்னும் மண்டைக்குள்ள ஓடுது. ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்.

குளிர்ல_பிஎச்டி:
மொதல்ல வாழ்த்துகள்மா, கிரேட் கெடைக்கிறது சும்மா இல்ல. ஆனா அந்த 10,000 உங்க கைக்கு வராது, ஃபீஸ்லயே கழிஞ்சிரும். லீட்ஸ்காரன் குடுக்குற 5,000மும் அப்படித்தான். ஸ்காலர்ஷிப்னு பேரு வச்சிருக்குறதுல முக்காவாசி ஃபீஸ் டிஸ்கவுண்ட் தான், அதுல ஒரு பாக்கெட் பால் கூட வாங்க முடியாது. அதனால ரெண்டு ஸ்காலர்ஷிப்ப ஒப்பிடாதீங்க, ரெண்டு ஊர்ல ஒரு வருசம் உயிரோட இருக்க என்ன ஆகும்னு ஒப்பிடுங்க.

விசாவுக்கே இந்த வித்தியாசம் தெரிஞ்சிரும். லண்டன்னா மாசத்துக்கு 1,529 பவுண்டு, வெளியூர்னா 1,171, ஒம்போது மாசத்துக்கு பேங்க்ல இருக்குன்னு காட்டணும் (2025 நவம்பர்ல ஏத்துனது, பழைய யூடியூப் வீடியோல வேற நம்பர் சொல்லுவான் நம்பிறாதீங்க). அதாவது லண்டனுக்கு 13,761, லீட்ஸுக்கு 10,539. இதோட கட்டாம மிச்சம் இருக்குற ஃபீஸும் சேத்து காட்டணும். நீங்க ரெண்டு எடத்துலயும் ஃபீஸ்ல 5,000 முன்பணமா (டெபாசிட்) கட்டுறதா வச்சிக்கிட்டா லண்டனுக்கு 30,761, லீட்ஸுக்கு 28,039. உங்க 500 பவுண்டு லாபம் இங்கயே போச்சு.

காசு தொடர்ந்து 28 நாள் அக்கவுண்ட்ல இருக்கணும், நடுவுல ஒரு நாள் கொறஞ்சாலும் ரிஜெக்ட். அக்கவுண்ட் உங்க பேர்ல இல்லன்னா அப்பா அம்மா பேர்ல இருக்கணும், பர்த் சர்டிபிகேட்டும் அவங்க சம்மத லெட்டரும் வைக்கணும். அண்ணன், மாமா, சித்தப்பா அக்கவுண்ட்லாம் செல்லாது, இதுல மாட்டிக்கிறவங்க ஏராளம். எஜுகேஷன் லோன்னா பேங்க் லெட்டர் போதும், 28 நாள் கதை கெடையாது, ஆனா லெட்டர் ஆறு மாசத்துக்குள்ள வாங்குனதா இருக்கணும்.

இது போக என்எச்எஸ் (அங்க உள்ள அரசாங்க மருத்துவ சேவை) சர்சார்ஜ் வருசத்துக்கு 776. பன்னண்டு மாச கோர்ஸுக்கு விசா முன்னப்பின்ன சேத்து கிட்டத்தட்ட ஒன்றரை வருசம் வரும், அதனால 1,164 வாங்குவான், விசா ஃபீஸ் தனி. இத எந்த ஏஜென்டும் மொத நாள் சொல்றதில்ல.

குரொய்டன்_அண்ணை:
தங்கச்சி, மேல தம்பி சொன்னது முழுக்கச் சரி. நான் வாடகையைப் பற்றிச் சொல்லுறன். இஞ்ச வாடகை கிழமைக்கணக்கிலதான் சொல்லுவினம், அதை நாலால பெருக்கி மாதக் கணக்கெண்டு நினைக்கக்கூடாது. 52ஆல பெருக்கி 12ஆல பிரியுங்கோ. கிழமைக்கு 220 எண்டால் மாதம் 880 இல்லை, 953. லண்டனில ஸ்டூடண்ட் ஹோல்ஸில (ஹொஸ்டல்) 200க்குக் கீழ அறை எடுக்கிறது பெரும் பாடு, கனபேர் அதுக்கும் மேலதான் குடுக்கினம். லீட்ஸில 140க்கு ஓரளவு நல்ல அறை பார்க்கலாம். மாஸ்டர்ஸ் பிள்ளையளுக்கு 51 கிழமை கொன்ட்ராக்ட் போடுவினம், அப்ப 220க்கும் 140க்கும் உள்ள வித்தியாசம் 80ஐ 51ஆல பெருக்கினால் நாலாயிரத்து எண்பது பவுண்ட்ஸ். சாப்பாடு, போக்குவரத்து இன்னும் சேரேல்லை.

சில பிள்ளையள் லண்டனில ஈஸ்ட்ஹாம் பக்கம் ஆக்களோட சேர்ந்து மலிவா இருக்கலாம் எண்டு வருவினம். இருக்கலாம்தான், நானும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, எங்கட சனம் இருக்கிற இடம், கடையும் கோயிலும் பக்கத்தில. ஆனா கொன்ட்ராக்ட் இல்லாமல் காசைக் கையில குடுத்தால் பேங்குக்கு அட்ரஸ் காட்ட ஒண்டும் இராது, டெபொசிட்டும் திரும்பி வராது. ஒழுங்கான வாடகை வீடெண்டால் டெபொசிட் அஞ்சு கிழமை வாடகைக்கு மேல கேக்க ஏலாது, அதையும் 30 நாளுக்குள்ள அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ஸ்கீமில போட வேணும். கேளுங்கோ, எந்த ஸ்கீம் எண்டு. அந்தக் கேள்வியில முகம் மாறினால் அந்த வீடு வேண்டாம்.

வேற நாட்டுப் பிள்ளையளுக்கு இஞ்ச பொறுப்பு நிக்க ஆள் (கரண்டர்) இல்லை எண்டு ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கேக்கிறது வழக்கமா இருந்தது. 2026 மே 1ல இருந்து இங்கிலாந்தில பிரைவேட் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல அப்பிடிக் கேக்க ஏலாது. ஆனா பெரிய ஸ்டூடண்ட் பில்டிங்குகளுக்கு இந்தச் சட்டம் பொதுவாப் பொருந்தாது, அதைக் கவனியுங்கோ. இன்னொண்டு, வேலை செய்யிற சிநேகிதியோட சேர்ந்து வீடெடுத்தால் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளூர் வரி) வரும். வீட்டில எல்லாரும் ஃபுல் டைம் மாணவர் எண்டால் ஒரு சதமும் இல்லை.

ஷிஃப்ட்_முடிஞ்சுது:
பார்ட் டைம் பத்தி நான் சொல்றேன், ஏன்னா நான் மாஸ்டர்ஸ் படிக்கிறப்போ சூப்பர் மார்க்கெட்ல ராத்திரி ஷெல்ஃப் அடுக்குனவன். கணக்கு என்னமோ அழகா தான் இருக்கும். வாரத்துக்கு 20 மணி நேரம், 21 வயசுக்கு மேல இருந்தா குறைஞ்சபட்ச சம்பளம் மணிக்கு 12.71 (2026 ஏப்ரல்ல இருந்து), ஆக வாரம் 254 பவுண்டு, மாசம் ஆயிரத்துக்கு மேல கெடைக்குதே, வாடகை முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா ஜீரோ அவர்ஸ் கான்ட்ராக்ட்ல மேனேஜர் இந்த வாரம் 20 குடுப்பான், அடுத்த வாரம் 8 குடுப்பான், கிறிஸ்மஸ் முடிஞ்சு ஜனவரில ஒண்ணுமே இருக்காது. செப்டம்பர்ல எறங்குன ஒடனே வேலையும் கெடைக்காது, எல்லாரும் அதே கடைல தான் அதே வாரத்துல சிவி குடுப்பாங்க.

20 மணிங்கிறது திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும். இந்த வாரம் 10 அடுத்த வாரம் 30, சராசரி 20 தானேன்னு சொல்ல முடியாது, 30 பாத்த வாரமே விசா ரூல மீறுனதா ஆயிரும். அப்புறம் மாஸ்டர்ஸ்காரங்க நெறைய பேருக்கு தெரியாத விசயம், ஜூன்ல கிளாஸ் முடிஞ்சிருச்சு இனிமே சம்மர் ஃபுல் டைம் அடிக்கலாம்னு நெனப்பாங்க, கிடையாது! டிசர்ட்டேஷன் (கடைசி ஆய்வுக் கட்டுரை) எழுதுற அந்த மூணு மாசமும் டெர்ம் டைம் கணக்கு தான், கோர்ஸ் அஃபீஷியலா முடியுற தேதி வரைக்கும் 20 தான். கிறிஸ்மஸ் ஈஸ்டர் லீவு உங்க யூனி காலண்டர்ல வெகேஷன்னு போட்டிருந்தா மட்டும் கூட பாக்கலாம். சைக்கிள் எடுத்துட்டு டெலிவரி ஆப்ல ஓடலாம்னு எவனாவது சொன்னா ஓடிருங்க, அதெல்லாம் செல்ஃப் எம்ப்ளாய்ட், ஸ்டூடண்ட் விசால கூடவே கூடாது. அடுத்தவன் அக்கவுண்ட வாடகைக்கு எடுத்து ஓட்டுறது அதவிட மோசம்.

அதனால வேலை காச சாப்பாட்டு செலவுக்கு மட்டும் நம்புங்க. வாடகை பணம் கெளம்புறதுக்கு முன்னாடியே கைல இல்லன்னா லண்டன் பக்கமே போகாதீங்க.

டீ_ஆறுது:
எல்லாரும் லீட்ஸ் லீட்ஸ்ங்குறீங்க, நான் கொஞ்சம் மாத்தி பேசுறேன். படிப்பு முடிஞ்சு அங்கயே வேலை தேடுறதா ப்ளானா? பப்ளிக் ஹெல்த்துக்கு லண்டன்ல ஆளுங்க, செமினார், என்ஜிஓ எல்லாமே அதிகம், அதுக்கு ஒரு வெல இருக்கு, நாலாயிரம் பவுண்டுங்கிறது சில பேருக்கு தகும்.

குளிர்ல_பிஎச்டி:
@டீ_ஆறுது பாஸ் அது ஒத்துக்குறேன், ஆனா லீட்ஸ் ஒண்ணும் பட்டிக்காடு இல்லயே, என்எச்எஸ் இங்கிலாந்தோட பெரிய ஆபீஸே அங்க தான் இருக்கு. சொல்லப்போனா அந்த என்எச்எஸ் இங்கிலாந்தயே கலைச்சு சுகாதாரத் துறையோட சேக்கப்போறதா 2025 மார்ச்ல அறிவிச்சிட்டாங்க, ஆள் கொறைக்கிற நேரத்துல எந்த ஊர்ல இருந்தாலும் வேலை கஷ்டம் தான். கம்பெனி ஸ்பான்சர் பண்ணி வேலை விசா (ஸ்கில்ட் வொர்க்கர்) வேணும்னா வருச சம்பளம் பொதுவா 41,700 பவுண்டு, படிச்சு முடிச்ச புதுசுன்னா 33,400 இருக்கணும், இத குடுக்குற பப்ளிக் ஹெல்த் வேலை விரல் விட்டு எண்ணலாம். படிப்பு முடிஞ்சு அங்கயே தங்கி வேலை பாக்க குடுக்குற கிராஜுவேட் விசாவும் 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்ற மாஸ்டர்ஸ்காரங்களுக்கு ரெண்டு வருசம் இல்ல, 18 மாசம். டாக்டரம்மா நீங்க முடிக்கிறது அதுக்கு அப்புறம், அதனால உங்களுக்கு 18 தான். லோன அங்க சம்பாதிச்சு அடைச்சிரலாம்ங்குற கணக்குல போகாதீங்க.

செவனிங் கேட்டீங்களே. அது ஃபீஸ், மாசச் செலவு, டிக்கெட் எல்லாம் குடுக்குற முழு ஸ்காலர்ஷிப், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை குடுக்குறது. 2,800 மணி நேரம் வேலை அனுபவம் வேணும், உங்களுக்கு இருக்கு. வழக்கமா ஆகஸ்ட்ல திறந்து அக்டோபர்ல மூடுவாங்க. ஆனா முடிச்சிட்டு ரெண்டு வருசம் சொந்த நாட்டுக்கு திரும்பியே ஆகணும், அதனால அங்க செட்டில் ஆகணும்னு நெனைக்கிறவங்களுக்கு இது தோதுப்படாது. காமன்வெல்த் ஷேர்ட் ஸ்காலர்ஷிப்பும் இருக்கு, வசதி இல்லாதவங்களுக்குன்னே குடுக்குறது, அது படிப்பு தொடங்குறதுக்கு பல மாசம் முன்னாடியே மூடிரும். குடும்ப வருமானம் வருசத்துக்கு 8 லட்சத்துக்குள்ள இருந்து எஸ்சி பிரிவுல வந்தா நம்ம மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் பாருங்க, ஃபீஸ் போக யூகேக்கு வருசத்துக்கு 9,900 பவுண்டு செலவுக்கு குடுக்குறாங்க. இந்த மாதிரி கைல காசு வர்றது தான் என்ன பொறுத்தவரைக்கும் ஸ்காலர்ஷிப்.

பல்லு_டாக்டரம்மா:
ஐயோ எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தல சுத்துது ஆனா தெளிவாயிருச்சு. அங்க செட்டில் ஆகுற ஐடியாலாம் இல்லங்க, திரும்பி வந்து கவர்மெண்ட் புராஜெக்ட்ல சேரணும்னு தான் ஆசை. அப்ப செவனிங் எனக்கு தோதா தான இருக்கு? ஆனா கெடைக்கலன்னா ஒரு வருசமும் போயி கிரேட்டும் போயிரும். அண்ணா, இந்த ரெண்டு ஆஃபரயும் அடுத்த வருசத்துக்கு தள்ளி வைக்க முடியுமா?

குரொய்டன்_அண்ணை:
ஓஃபரைத் தள்ளி வைக்கலாம் தங்கச்சி, கன யூனிவர்சிட்டி ஓம் எண்டும். ஆனா ஸ்காலர்ஷிப் அந்த வருசத்துக்கு மட்டும்தான் எண்டு வச்சிருப்பினம், கூட வராது. ஃபீஸும் அடுத்த வருச ரேட்டுக்கு ஏறும். ஃபோனில கதைக்காமல் அட்மிஷனுக்கு ஈமெயில் போட்டு எழுத்தில வாங்குங்கோ.

குளிர்ல_பிஎச்டி:
அதே மெயில்ல லீட்ஸ்காரங்ககிட்ட இன்னொண்ணும் கேட்ருங்க, லண்டன்ல 10,000 குடுக்குறாங்க, உங்ககிட்ட வேற ஏதாவது அவார்டு பாக்கி இருக்கான்னு. சும்மா கேக்கலாம், தப்பே இல்ல. பாதி யூனில ஒண்ணுக்கு மேல சேத்து தர மாட்டாங்க, எது பெருசோ அது மட்டும் தான், ஆனா ஜூன் ஜூலைல சீட்டு காலியா கெடந்தா எறங்கி வர்றவங்களும் உண்டு. டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க, கட்டிட்டா உங்கள யாரு கெஞ்சப்போறா. ரீஃபண்ட் ரூலும் படிச்சிருங்க, விசா ரிஜெக்ட் ஆனா திரும்ப தருவாங்க, மனசு மாறிட்டேன்னா பெரும்பாலும் கிடையாது.

பல்லு_டாக்டரம்மா:
சரிண்ணா, இன்னிக்கு நைட்டே ரெண்டு மெயிலும் போடுறேன். பதில் வந்ததும் இங்கயே சொல்றேன்.