டென்மார்க்கின் கிராமத் தேவாலயங்கள்: அந்த எளிமை யாருடையது?

வெண்சுவர்:
டென்மார்க்கின் கிராமத் தேவாலயத்தில் நீள்சதுரக் கூடம், அதைவிடக் குறுகிய பீட அறை, மேற்கே கோபுரம், அவ்வளவுதான். வெள்ளைச் சுண்ணாம்பும் சிவப்பு ஓடும் போதும் என்று நினைத்த மனிதர்களின் அடக்கம் அதில் தெரிகிறது. அலங்காரம் தேடுபவர்களுக்கு அது புரியாது.

கல்தச்சன்:
அடியோடு மறுக்கிறேன். அந்த அடக்கம் நாம் ஏற்றிச் சொல்வது. மோன் தீவின் எல்மலுண்டே தேவாலயத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். 1500ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய ஓவியங்கள் கூரை வளைவெங்கும் படர்ந்திருக்கின்றன. ஆதாம் குதிரை பூட்டி உழுகிறான், முகத்தில் அரைத்தூக்கம். ஓவியங்கள்மேல் சுண்ணாம்பு பூசியது பிற்காலம்; அதை எடுத்த பிறகுதான் அவை மறுபடி கண்ணில் பட்டன. நீங்கள் சொல்லும் கோபுரமும் பெரும்பாலான ஊர்களில் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தோடு பிறந்ததல்ல. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஒட்டவைத்தது.

வெண்சுவர்:
ஓவியத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டென்மார்க்கின் மேற்கிலுள்ள யூட்லாந்து தீபகற்பத்தின் தேவாலயங்கள்? கருங்கல்லைச் சதுரமாகச் செதுக்கி அடுக்கிய மொட்டைச் சுவர்கள். அங்கே மறைக்கச் சுண்ணாம்பும் இல்லையே!

கல்தச்சன்:
அதே யூட்லாந்தின் வாசற்கற்களில் சிங்கங்கள் இருக்கின்றன. உளி மழுங்கும் கல்லில் பிடரிமயிர் வரை செதுக்கியவனை எளிமை விரும்பி என்று எப்படிச் சொல்வது? கையில் கிடைத்த கல் அவனுடைய அலங்காரத்துக்கு எல்லை போட்டது, அவ்வளவே.

அகிலா:
இருவரும் சுண்ணாம்பை வண்ணமாகவே பார்க்கிறீர்கள். செங்கல்லும், கற்களை இணைக்கும் சாந்தும் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் பூசுகிறார்கள். உள்ளே பூசிய சுண்ணாம்பின் அடியில்தான் பல ஓவியங்கள் பிழைத்தன. வடக்குச் சுவரைக் கூர்ந்து பாருங்கள். பெண்களுக்கென்று இருந்த வாசலைப் பல ஊர்களில் அடைத்துவிட்டார்கள்; சுண்ணாம்புக்குள் அதன் வளைவு மட்டும் லேசாகப் புடைத்திருக்கும். பக்கத்திலேயே பழைய சிறு சன்னல். தெற்குச் சன்னல்களை வெளிச்சத்துக்காகப் பெரிதாக்கினார்கள், வடக்கே விட்டுவைத்தார்கள். எனக்கு அந்தச் சுவர்தான் தேவாலயம்.

வெண்சுவர்:
அகிலா அவர்களே, அந்த வாசல் வளைவு என் கண்ணில் பட்டதே இல்லை. ஆனாலும் எங்கோ ஓவியம் இருக்கலாம் என்று எல்லாச் சுவர்களையும் சுரண்டுவதை ஏற்க மாட்டேன்.

கல்தச்சன்:
எல்லாவற்றையும் சுரண்டச் சொல்லவில்லை. ஆதாமின் ஏர் மறுபடி சுண்ணாம்புக்குள் போகக் கூடாது என்கிறேன்.