கடல்விரால் மேல் ஒட்டியிருந்த தட்டைப்புழு: பெனிடீனியாவா, நியோபெனிடீனியாவா? பிசிஆரும் வரவில்லை

நண்டுக்கால்:
மண்டபம் பக்கம் கூண்டில் வளர்த்த கடல்விரால். வலையில் உடம்பை உரசிக்கொண்டே இருந்தது, ஒரு கண்ணும் வெளுத்துவிட்டது. நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் விட்டதும், கண்ணாடி மாதிரி இருந்த புழுக்கள் வெள்ளையாகி வாளி அடியில் உதிர்ந்தன. பின்பக்கம் வட்டமான ஒட்டுறுப்பு, நடுவில் மூன்று ஜோடி முள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டேன். பெனிடீனியாவா, நியோபெனிடீனியாவா, எந்தப் பேரினம் என்று பிடிபடவில்லை. இனம் அறிய உதவும் சிஓஐ மரபணுவைப் பெருக்க பிசிஆர் மூன்று தடவை போட்டும், ஜெல்லில் அளவுகோலான லேடர் மட்டும்தான், புழுவின் டிஎன்ஏ பட்டை இல்லை.

லேப்வாசி:
ஃபார்மலினா? அங்கேயே பாதி போச்சு, டிஎன்ஏ சிதைந்திருக்கும். பிசிஆரைத் தொடங்கிவைக்கும் பிரைமர் எது?

நண்டுக்கால்:
ஃபோல்மர், சிஓஐக்கு வழக்கமாகப் போடும் பிரைமர். லேபில் அதுதான் இருந்தது.

லேப்வாசி:
மீதிப் பாதியும் போச்சு. தட்டைப்புழுக்களில் அது பெரும்பாலும் வேலை செய்யாது. முதலில் 28எஸ் என்ற வேறு மரபணுவுக்குப் போடுங்கள். புதுப் புழு எடுத்து 95 சதவீத எத்தனாலில் வையுங்கள்.

பழைய ஸ்லைடு:
தம்பி, ஃபார்மலின் புழுவைத் தூக்கிப்போட வேண்டாம், உருவம் பார்க்க அது போதும். கார்மைன் சாயம் ஏற்றி, முன்பகுதியில் யோனிக் குழாய் இருக்கிறதா என்று தேடுங்கள். பெனிடீனியாவில் உண்டு, நியோபெனிடீனியாவில் கிடையாது. ஆனால் சாயம் சரியாக ஏறாத ஸ்லைடில் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். நான் ஒருமுறை எழுதி மாட்டிக்கொண்டேன்.

அப்புறம், ஒரு புழு டிஎன்ஏவுக்கு, இன்னொன்று ஸ்லைடுக்கு என்று பிரிக்காதீர்கள். ஒரே மீனில் இரண்டு இனம் இருக்கலாம். அதே புழுவின் பக்கவாட்டு ஓரத்தில் மெல்லிய சீவல் எடுத்தால் டிஎன்ஏவுக்குப் போதும். அங்கே பெரும்பாலும் கருவுணவுச் சுரப்பிதான். விந்தகம், சூலகம், முள் எல்லாம் ஸ்லைடுக்குப் பத்திரமாக மிஞ்சும். கவர்ஸ்லிப்பை அழுத்தவே கூடாது, நசுங்கினால் அளவெல்லாம் பொய்.

நண்டுக்கால்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஆறு ஸ்லைடிலும் யோனிக் குழாய் இல்லை. 28எஸ்ஸும் வந்துவிட்டது! ஆனால் ஜீன்பேங்க் என்ற டிஎன்ஏ சீக்வென்ஸ் (வரிசை) களஞ்சியத்தில் தேடினால், நியோபெனிடீனியாவின் மெல்லெனி, கிரெல்லே என்ற இரண்டு இனப் பெயரும் மேலே வருகின்றன. எதை எழுத?

பழைய ஸ்லைடு:
பெயர்க் குழப்பம் அது. 1996இல் கிரெல்லேயை மெல்லெனிக்குள் சேர்த்துவிட்டார்கள். 2018இல் மரபணு பார்த்து மறுபடி பிரித்தார்கள். மீன் வளர்ப்பில் மெல்லெனி என்று சொல்லப்பட்டதில் பெரும்பாலானவை கிரெல்லேதான் என்று தெரிந்தது. பழைய சீக்வென்ஸ்கள் பழைய பெயரிலேயே கிடக்கின்றன. அதனால் முதல் வரியில் வரும் பெயரை நம்பாமல், 2018 ஆய்வின் சீக்வென்ஸ்களோடு சேர்த்து உறவுமுறை மரம் போட்டுப் பாருங்கள்.

நண்டுக்கால்:
போட்டேன் சார். ஆறும் கிரெல்லே கிளையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

லேப்வாசி:
சரி, அந்த ஃபோல்மர் டியூபை யாராவது நண்டு வேலைக்குக் கொடுத்துவிடுங்கள்.