புது டெஸ்க்டாப்புக்கு பார்ட்ஸ் லிஸ்ட் போட்டிருக்கேன், ஒரு தடவ பாத்து சொல்லுங்க (அவசரம்)

கீபோர்டுவாசி:
வணக்கம், முதல் தடவையா நானே பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணப்போறேன். ஏஎம்டி ரைசன் 5 7500எஃப் சிபியு, பி650 மதர்போர்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), சின்ன கேபினெட் ஒண்ணு. ரேம் பழைய சிஸ்டத்துல இருக்கறதையே போட்டுக்குவேன், கிராஃபிக்ஸ் கார்டு பிறகு பாத்துக்கலாம். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு செட் ஆகுமா? நைட்டு ஆர்டர் போடணும், சீக்கிரம் சொல்லுங்க.

வயரிங்மணி:
எதுக்கு சிஸ்டம்? கேமா, எடிட்டிங்கா, கோடிங்கா? எஸ்எம்பிஎஸ் 550 வாட்டுன்னு மட்டும் சொன்னா எப்படி, எந்த மாடல்? அதுல தான் எல்லாரும் காச மிச்சம் பிடிக்கறாங்க, அப்புறம் அதுதான் போர்டையும் சேத்து இழுத்துட்டுப் போகுது.

டெர்மினல்:
பழைய ரேம் டிடிஆர்4ஆ 5ஆ ப்ரோ? மானிட்டர் என்ன?

சாக்கெட்சாமி:
இதே மாதிரி லிஸ்ட் எத்தன பாத்தாச்சு. 7500எஃப்ல அந்த எஃப் எதுக்கு இருக்குன்னு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி தேடிப் பாக்கத் தோணலயா? எஃப்னா சிபியுக்குள்ள கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டு பின்னாடி ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், கேபிளும் சொருகலாம், ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. கார்டு பிறகு வாங்கறேன்னா அதுவரைக்கும் எதுல பாப்பீங்க? அடிப்படைய படிச்சிட்டு வாங்க தம்பி.

டெர்மினல்:
முதல் தடவன்னு தானே சொல்றாரு சாமி அண்ணா, கொஞ்சம் பொறுமையா சொல்லலாமே.

ப்ரோ, விஷயம் அவர் சொல்றதுதான். 7600 எடுத்தீங்கன்னா உள்ளயே சின்ன கிராஃபிக்ஸ் இருக்கு, பெட்டியிலயே கூலரும் வரும் (7600எக்ஸ்ல கூலர் வராது). ரேம்தான் எனக்கு பயமா இருக்கு, உங்க பி650 மாதிரி ஏஎம்5 சாக்கெட் (ரைசன் 7000 சிபியு உக்காரற இடம்) இருக்கற போர்டு முழுக்க டிடிஆர்5 மட்டும்தான். ஸ்டிக்கர்ல பிசி4ன்னு ஆரம்பிச்சா அது டிடிஆர்4. ரெண்டுலயும் 288 பின் தான், பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா தங்கக் கலர் பின் வரிசைல ஒரு வெட்டு இருக்கும் பாருங்க, டிடிஆர்5ல அது நடுவுக்கு இன்னும் பக்கத்துல இருக்கும். அதனால உக்காரவே உக்காராது, அமுக்கிப் பாக்காதீங்க, ஸ்லாட்டு உடைஞ்சிடும்.

ரெண்டாம்ஸ்லாட்:
ரேம்ல தான் விஷயமே இருக்கு. டிடிஆர்5 6000 சிஎல்30, 16 ஜிபி ரெண்டு குச்சி, கண்ண மூடிட்டு எடுங்க. நிறைய பேர் மெகாஹெர்ட்ஸ் மட்டும் பாக்கறாங்க, சிஎல்ல (ரேம் பதில் குடுக்க எடுக்கற சுற்று எண்ணிக்கை) 2000ஆல பெருக்கி ஸ்பீடால வகுத்தா உண்மையான லேட்டன்சி, அதாவது தாமதம், நானோசெகண்ட்ல வரும், 6000 சிஎல்30க்கு 10, 5200 சிஎல்40க்கு 15.4. நாலு ஸ்லாட்டு இருக்குன்னு நாலையும் ரொப்பாதீங்க, 7000 வரிசைக்கு ஏஎம்டியே ரெண்டு குச்சிக்கு 5200, நாலுக்கு 3600ன்னு தான் சொல்றான். சிபியு பக்கத்துலருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும் போடுங்க, அப்புறம் பயாஸ்ல எக்ஸ்போ (ரேம் பெட்டில போட்ட ஸ்பீடுக்கு ஓட வைக்கற செட்டிங்) ஆன் பண்ணுங்க, பண்ணலன்னா வாங்கின ஸ்பீடு வராது.

டைம்லைன்:
எல்லாரும் ஏஎம்டின்னே முடிவு பண்ணிட்டீங்க, அவர் எதுக்கு வாங்கறாருன்னே இன்னும் தெரியல. எடிட்டிங்னா இன்டெல் பக்கம் போங்க, குவிக்சிங்க் (சிபியுக்குள்ளயே இருக்கற வீடியோ எஞ்சின்) இருக்கு.

சாக்கெட்சாமி:
ஆரம்பிச்சாச்சு. யாரு என்ன கேட்டாலும் குவிக்சிங்க்.

கீபோர்டுவாசி:
ரேம்ல பிசி4-19200ன்னு போட்டிருக்கு, 8 ஜிபி ரெண்டு. கேம் ஆடறதில்ல. கேமரால எடுக்கற 4கே வீடியோவ ப்ரீமியர்ல எடிட் பண்ணனும், இப்ப இருக்கற சிஸ்டத்துல டைம்லைன்ல ப்ளே குடுத்தா படம் அப்படியே நின்னு நின்னு வருது, சவுண்டு மட்டும் ஓடுது, அதுக்குத்தான் புதுசே வாங்கறேன். கேமரா மெனுல 10 பிட் 4:2:2ன்னு வெச்சிருக்கேன்.

டைம்லைன்:
அந்த கடைசி வரில தான் எல்லாமே இருக்கு. 10 பிட் 4:2:2ன்னா (கலர் விவரம் அதிகமா பதியற ஃபார்மட்) எல்லா சிப்பும் அத ஹார்டுவேர்ல டீகோட் பண்ணாது, அதாவது ஃபைல பிரிச்சுப் படமாக்காது, சிபியு கோரே மூச்சு வாங்கி பண்ணும், உங்களுக்கு நின்னு நின்னு வர்றது அதனாலதான். ரைசனுக்குள்ள இருக்கற ரேடியானுக்கு இது தெரியாது. என்விடியால 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைல தான் 4:2:2 சேத்தாங்க, 40 வரிசைல எவ்ளோ பெரிய கார்டு போட்டாலும் கிடையாது. ஆனா இன்டெல்ல எஃப் இல்லாத சிபியுல பல வருஷமா இருக்கு. ஒண்ணு மட்டும் செக் பண்ணுங்க, ஒரு ஃபைல மீடியாஇன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல திறந்து ஃபார்மட் என்னன்னு பாருங்க. ஹெச்இவிசின்னா, அதாவது எச்.265னா இன்டெல் 12, 13, 14த் ஜென் மூணும் ஓகே. ஏவிசின்னா, அதான் எச்.264, 14த் ஜென்னும் உதவாது, அப்ப கேமராவயே எச்.265க்கு மாத்தணும்.

அதுல ஐ5 14400 வேண்டாம், ஐ5 14500 எடுங்க. 14400ல இருக்கறது யுஹெச்டி 730 கிராஃபிக்ஸ், வீடியோ எஞ்சின் ஒண்ணுதான், 14500ல யுஹெச்டி 770, அதுல ரெண்டு. நாலு லேயர் வெச்சு எடிட் பண்றவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

டெர்மினல்:
இந்த இன்டெல் சிபியுக்கான பி760ல டிடிஆர்4 போர்டும் இருக்கு, அப்ப பழைய ரேமும் ஏறும்.

ரெண்டாம்ஸ்லாட்:
ஏறும், ஆனா பிசி4-19200ன்னா 2400 தான், மொத்தமே 16 ஜிபி. 4கேக்கு அது பத்தாது. டிடிஆர்4 3200ல 16 ஜிபி ரெண்டு புதுசா எடுங்க. பழசு ரெண்டையும் காலியா இருக்கற ஸ்லாட்ல சொருகணும்னு ஆசை வரும், சொருகினா எல்லாமே 2400க்கு இறங்கிடும்.

சாக்கெட்சாமி:
13, 14த் ஜென் வோல்டேஜ் பிரச்சன தெரியாம பேசாதீங்க. சிப்பே கெட்டுப் போச்சு, 2024 ஆகஸ்ட்ல தான் 0எக்ஸ்129 மைக்ரோகோடு (பயாஸோட வர்ற சிபியு திருத்தம்) விட்டான். தவிர இந்த 14த் ஜென் உக்காரற எல்ஜிஏ1700 சாக்கெட்ட விட்டு இன்டெல் அடுத்த தலைமுறைக்கு வேற சாக்கெட்டுக்குப் போயிட்டான், ஏஎம்5க்கு ஏஎம்டி குறைஞ்சது 2027 வரைக்கும் சப்போர்ட் சொல்லியிருக்கான். 4:2:2க்கு ப்ராக்ஸி (எடிட் பண்ண மட்டும் போடற லேசான நகல் ஃபைல்) போட்டுக்கிட்டா போச்சு, அதுக்காக செத்துப்போன சாக்கெட்டா?

டைம்லைன்:
அந்தப் பிரச்சனைக்கு இன்டெல் வாரன்ட்டிய ரெண்டு வருஷம் நீட்டிச்சாங்களே, அந்த பட்டியல்ல ஐ5ல 13600கே, 14600கே வகைதான் இருக்கு, மத்ததெல்லாம் ஐ7, ஐ9. 14500 அதுல இல்ல. பயாஸ் மட்டும் புதுசா போட்டுக்கோங்க. ப்ராக்ஸி நல்ல வழிதான், ஆனா ஒவ்வொரு தடவையும் எடிட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லா கிளிப்புக்கும் ப்ராக்ஸி ரெண்டர் ஆகற வரைக்கும் உக்காந்திருக்கணும், டிஸ்க்லயும் இடம் போகும். அவரு சிபியு மாத்திக்கிட்டே இருக்கப்போறதில்ல, எடிட் பண்ணப்போறாரு.

எட்டாம்பின்:
எஸ்எம்பிஎஸ் பத்தி யாரும் முடிக்கல. 80 ப்ளஸ் கோல்டு பாத்து எடுங்க, அவ்ளோதான், கோல்டுன்னா சேஃப்.

வயரிங்மணி:
தப்பு. 80 ப்ளஸ் அளக்கறது எஃபிஷியன்சி மட்டும்தான், 115 வோல்ட்ல 20, 50, 100 சதவீத லோடுக்கு கோல்டுன்னா 87, 90, 87. ஷார்ட் ஆனா கட் ஆகுமா, வோல்டேஜ் அலையுமா, உள்ள என்ன கெப்பாசிட்டர் போட்டிருக்கான், இதெல்லாம் அந்த ஸ்டிக்கர்ல வராது. நல்ல பிரான்ஸ் யூனிட்டு மோசமான கோல்ட விட எவ்வளவோ மேல்.

எட்டாம்பின்:
அப்ப சாதாரண ஆளு எதப் பாத்து வாங்குவான்? எல்லாருமா பிரிச்சுப் பாக்க முடியும்? கோல்டு வாங்கறவன் பெரும்பாலும் நல்லதுதான் வாங்கறான்.

வயரிங்மணி:
பிரிச்சுப் பாத்து லோடு டெஸ்ட் போட்ட ரிவ்யூ இருக்கு, மாடல் பேரப் போட்டு தேடுங்க. அதான் முதல்லயே மாடல் கேட்டேன், இன்னும் சொல்லல. இன்னொண்ணு, மாடுலர்னா, அதாவது கேபிள கழட்டி மாட்டற வகைன்னா, பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள புதுசுல சொருகாதீங்க, எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைல பின் வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும், எஸ்எஸ்டி ஹார்டு டிஸ்க்கெல்லாம் ஒரே நொடில கருகிடும்.

சாக்கெட்சாமி:
550 வாட்டுக்கு இவ்ளோ பேச்சு. கார்டே இல்லாத சிஸ்டம் 200 வாட்டு கூட இழுக்காது.

வயரிங்மணி:
வாட்டு எவ்வளவுன்னு நான் பேசவே இல்ல சாமி.

கீபோர்டுவாசி:
மீடியாஇன்ஃபோல ஹெச்இவிசி 4:2:2ன்னு காட்டுது. 14500, பி760 டிடிஆர்4, 3200ல 16 ஜிபி ரெண்டு ஆர்டர் போட்டாச்சு.

கீபோர்டுவாசி:
பார்ட்ஸ் வந்து மாட்டிட்டேன், பவர் பட்டன் அமுக்கினா ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல. யாராவது இருக்கீங்களா?

டெர்மினல்:
24 பின் மட்டும் மாட்டினீங்களா? போர்டு மேல் மூலைல சிபியுக்குன்னு தனியா 8 பின் இருக்கும், கேபினெட் சின்னதுன்னா கூலருக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும்.

வயரிங்மணி:
நாலும் நாலுமா பிரியற கேபிள்தான் அதுக்கு, மேல சிபியுன்னு எழுதியிருக்கும். ஆறும் ரெண்டுமா பிரியறது கிராஃபிக்ஸ் கார்டுக்கு, அத அங்க திணிக்காதீங்க.

கீபோர்டுவாசி:
8 பின்னே தான். டிஸ்ப்ளே வந்துருச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

டைம்லைன்:
ப்ரோ, ப்ரீமியர் செட்டிங்ஸ்ல மீடியா பக்கம் போய் ஹார்டுவேர் டீகோடிங்ல இன்டெல் டிக் ஆகியிருக்கான்னு பாத்துட்டு, அதே பழைய கிளிப்ப ப்ளே பண்ணி டாஸ்க் மேனேஜர்ல வீடியோ டீகோட் எவ்வளவு ஏறுதுன்னு சொல்லுங்க.

வயரிங்மணி:
எஸ்எம்பிஎஸ் எந்த மாடல்னும் சொல்லுங்க.