பினாங்கு தைப்பூசத்துக்கு எந்தக் கேமரா, எந்த லென்ஸ்? கையில 2,000 வெள்ளி

செங்காங் செல்வி

வணக்கம். வர்ற தைப்பூசத்துக்கு நாங்க சிங்கப்பூர்ல இருந்து பினாங்கு போறோம். தம்பி தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கிறான். அத்தை வீடு பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில பட்டர்வொர்த்துல இருக்கு, அதனால தங்குற கவலை இல்ல. முதல் நாள் வெள்ளி ரதம் கிளம்புறதுல இருந்து மறுநாள் தம்பி படியேறி இறக்கி வைக்கிற வரைக்கும் எடுத்து, பத்து நிமிஷப் படமா வெட்டிச் சேர்த்து வீட்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்னு ஆசை.

இதுவரை எல்லாமே கைப்பேசிதான். தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரத்தை எடுத்துட்டு வந்து டிவியில போட்டுப் பார்த்தேன். நடந்துக்கிட்டே எடுத்ததைப் பார்த்தா தலை சுத்துது. இருட்டுல முகமெல்லாம் கலங்கிக் கிடக்கு. சில விளக்கு மேல கறுப்புக் கோடு ஓடுது, அது ஏன்னே தெரியல. யார் பேசினதும் கேட்கல, காத்துச் சத்தம்தான்.

மூணு யோசனை வச்சிருக்கேன். டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, சோனி இசட்வி-ஈ10. கடைசியில சொன்னதுக்கு லென்ஸ் தனியா வாங்கணும், அங்கதான் எனக்குக் குழப்பம். ஒரு லென்ஸ் போதுமா, ரெண்டு வேணுமா? மைக், கார்டு, பேட்டரி எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளிக்குள்ள முடியணும். பழசு வாங்கவும் தயார். டிரைபாட் தூக்க மாட்டேன், அதை முன்னாடியே சொல்லிடுறேன். தோள்ல ஒரு சின்னப் பை, அவ்வளவுதான்.

தெம்பனிஸ் குமார்

பாக்கெட் 3 வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம். 179 கிராம்தான். ஒரு அங்குல சென்சார் (படத்தைப் பதிக்கிற சிப்), ஆட்டத்தை கிம்பல்ங்கிற மோட்டார் தாங்கியே பார்த்துக்கும், திரையைத் திருப்பினா தானா ஆன் ஆகும். டிஜேஐ மைக் 2 வாங்கினா ரிசீவர்கூடத் தேவையில்ல, நேரா இணையும். மிச்சப் பணத்துல அத்தைக்குப் புடவை எடுத்துக் கொடுங்க. லென்ஸ் லென்ஸ்னு போனா அதுக்கு முடிவே கிடையாது, நான் பட்டவன்.

உபின் படகு

குமார் சொல்றது நல்ல சாமான்தான், என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. சந்தையைச் சுத்த, படகுல போக, பேரப்பிள்ளை பின்னால ஓட, அதை மிஞ்ச ஒண்ணும் இல்ல. ஆனா தங்கச்சி எடுக்கப் போறது காவடி. எந்தக் கேமரான்னு கேட்கிறதுக்கு முன்னால, எங்க நின்னு எடுக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிக்குங்க.

பாக்கெட் 3-ல இருக்கிறது ஒரே லென்ஸ், 20 மி.மீ., அகலமாக் காட்டுறது. மி.மீ. குறைஞ்சா காட்சி அகலும், கூடினா தூரத்துல இருக்கிறது கிட்ட வரும். அதுல ஒரு முகம் திரையை நிறைக்கணும்னா அவங்க மூச்சு உங்க கையில படுற தூரத்துக்குப் போயாகணும். மூக்கு பெருசாத் தெரியும், அது கிடக்கட்டும். அருள் வந்து ஆடுற ஒருத்தர் முகத்துக்கு நேரா குச்சி மாதிரி அந்தக் கேமராவை நீட்டிக்கிட்டுப் பின்னாலயே நடக்கிறது சரியா வருமா? உறுமிக்காரங்க, காவடியைத் தாங்கிப் பிடிக்கிற பையன்கள், தண்ணி ஊத்துற அம்மா, எல்லாருக்கும் இடைஞ்சல். உங்க தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான். பக்கத்துக் காவடிக்காரங்க சொல்லுவாங்க, சொல்லணும். நான் அந்தக் காலத்துல தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கல்யாண வீடியோ எடுத்த ஒருத்தருக்கு லைட் பிடிச்சவன். தாலி கட்டுற நேரத்துல ஐயருக்கும் பொண்ணுக்கும் நடுவுல தலையை விடுற ஆளை அவர் கிட்டவே சேர்க்க மாட்டார்.

அதனால ஏழெட்டு அடி தள்ளி, ஏதாவது தண்ணீர்ப்பந்தல் ஓரமா நின்னுக்கிட்டே முகத்தை எடுக்கிற நீளம் உங்களுக்கு வேணும். முழு அளவு (ஃபுல் ஃப்ரேம்) சென்சார் கணக்குல 75 மி.மீ. கிட்ட. அதே நேரம் விடியுறதுக்கு முன்னால எடுக்கணும், அதனால லென்ஸ் நல்லாத் திறக்கணும், எஃப் எண் சின்னதா இருந்தா நல்லாத் திறக்கும்னு அர்த்தம். இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா நான் எடுப்பது இதுதான்: பழைய இசட்வி-ஈ10 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதுல சிக்மா 18-50 எஃப்2.8. பாடி 343 கிராம், லென்ஸ் 290. சோனியோட இந்த அளவு சென்சாருக்கு ஒன்றரை மடங்கு போட்டுக்கணும், அப்படிப் பார்த்தா 27-ல இருந்து 75 வரைக்கும் வரும். எஃப்2.8 முழு நீளத்துக்கும் நிற்கும், பெரிசாக்கும்போது இருட்டாகாது. பாடியோட சேர்த்துத் தர்ற 16-50 குட்டி லென்ஸ் பெரிசாக்குற முனையில எஃப்5.6 ஆகிடும், ராத்திரிக்கு ஆகாது.

இரண்டாவது லென்ஸ் பட்ஜெட்ல இடம் இருந்தா மட்டும்: சோனி 11 மி.மீ. எஃப்1.8. 181 கிராம். ஃபெரி, ரதத்துக்கு முன்னால தேங்காய் உடைக்கிற கூட்டம், அத்தை வீட்டுச் சமையலறை, இதுக்கெல்லாம். ரெண்டு லென்ஸுக்கும் ஃபில்டர் அளவு 55 மி.மீ.தான், ஒரே ஃபில்டரை மாத்தி மாத்திப் போடலாம். நடுத்தெருவுல லென்ஸ் கழட்டாதீங்க. அங்க சாம்பிராணிப் புகை, விபூதி, தேங்காய்த் தண்ணி எல்லாம் பறக்கும். சில்லு தெறிச்சு நெத்தியில பட்டவங்களைப் பார்த்திருக்கேன். ரதம் வர்ற நாள் ஒரு லென்ஸ், காவடி நாள் ஒரு லென்ஸ்னு வச்சுக்கிட்டா போதும்.

குறையையும் சொல்லிடணும். இசட்வி-ஈ10 பாடிக்குள்ள ஆட்டத்தை அடக்குற வசதி கிடையாது, நான் சொன்ன ரெண்டு லென்ஸ்லயும் கிடையாது. மெனுவுல ஆக்டிவ்னு ஒண்ணு இருக்கு, போட்டா படம் நல்லா ஓரம் வெட்டுப்படும். 11 மி.மீ.க்கு அது தாங்கும், 18-50-க்கு வேண்டாம். வாரைக் கழுத்துல போட்டு, அது விறைப்பா நிற்கிற வரைக்கும் கேமராவை முன்னால தள்ளி, முழங்கையை விலாவோட ஒட்டி, விளக்குக் கம்பத்துல சாஞ்சுக்கிட்டு மனசுல பத்து எண்ணுங்க. நடக்காதீங்க. அவங்க நடந்து வரட்டும், நீங்க நில்லுங்க. பத்து நிமிஷப் படத்துக்கு அப்படி நின்னு எடுத்த அறுபது துண்டு இருந்தா வேணும்ங்கிற அளவுக்கு மேலயே இருக்கும். வேகமா இடவலமாத் திருப்பவும் கூடாது. இந்த சென்சார் வரிவரியா மெதுவாப் படிக்கும், பந்தல் கால் எல்லாம் சாய்ஞ்சு தெரியும்.

இப்ப அந்தக் கறுப்புக் கோடு. நம்ம சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலேசியாவுலயும் அதுவேதான். விளக்கு விநாடிக்கு நூறு தடவை மினுங்கும். கைப்பேசி விநாடிக்கு 30 படம்னு எடுக்கும்போது அந்தத் தாளத்தோட ஒத்துப் போகாது, கோடு ஓடும். கேமராவை பால் (PAL)ங்கிற வீடியோ முறைக்கு மாத்தி விநாடிக்கு 25 படம், ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விடுற நேரம்) 1/50 விநாடின்னு வச்சுட்டா பெரும்பாலும் அடங்கும். மாத்தினதும் கார்டை ஃபார்மட் பண்ணச் சொல்லும், அதனால ஊருக்குப் போறதுக்கு முன்னாலயே மாத்திடுங்க. இதுல இன்னொரு லாபம்: இசட்வி-ஈ10 4கே-ல 30 படம் எடுத்தா ஓரத்தை 1.23 மடங்கு வெட்டும், 25-ல வெட்டாது. பந்தல்ல கட்டுற கலர் எல்இடி பட்டையில சிலது இதுக்கும் அடங்காது. ஷட்டரைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் பாருங்க, முடியலேன்னா அந்தப் பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நில்லுங்க.

பகல்ல ஷட்டர் 1/50-லயே இருக்கணும்னா ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100-ல பினாங்கு நடுப்பகல் வெயிலுக்கு எஃப்22 வரைக்கும் மூட வேண்டி வரும். எஃப்4-ல வைக்கணும்னா ஐந்து ஸ்டாப், அதாவது ஐந்து தடவை பாதி பாதியா, வெளிச்சத்தைத் தடுக்கணும். அதுக்குத்தான் அந்த 55 மி.மீ. என்டி ஃபில்டர், திருப்பிக் கூட்டிக் குறைக்கிற வகை. 11 மி.மீ.-ல அதைக் கடைசி வரைக்கும் திருப்பினா படத்துக்குக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி நிழல் விழும், பாதியோட நிறுத்திக்குங்க. எஸ்-லாக்னு, எடிட்ல நிறம் ஏத்துறதுக்காக மங்கலாப் பதியிற முறை இருக்கு, அது எதையும் தொடாதீங்க. இதுல நிற விவரம் 8 பிட்தான், கறுத்த தோலை எடிட்ல தூக்கினா திட்டுத் திட்டாப் போயிடும். பின்னால வெள்ளை வானமோ விளக்கோ இருந்தா வானம் வெளுத்தாலும் பரவாயில்லன்னு முகத்துக்கு வெளிச்சம் வைங்க.

சத்தம்: பாடிக்கு மேலேயே மைக் இருக்கு, கூட ஒரு பஞ்சு மூடியும் தருவாங்க. உறுமிக்கும் தவிலுக்கும் அது போதும், ஆனா ஒலி அளவை நீங்களே குறைச்சு வைங்க. தானா ஏத்தி இறக்க விட்டா ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கும். அத்தை பேசுறதுக்கு மட்டும் ஒரு சின்ன வயர்லெஸ் மைக்.

புக்கிட் பாத்தோக் பிரியா

ஆர்எக்ஸ்100 மார்க் 7 வச்சிருக்கேன், அதனால சொல்றேன். 302 கிராம்ல 24-200 கிடைக்குது, சட்டைப்பையில போகும். கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பம் ஒவ்வொண்ணையும் கீழே நின்னே எடுக்கலாம். பகல் முழுக்க இது ராஜாதான்.

ஆனா அக்கா, இருட்டுல மனசு விட்டுடும். பெரிசாக்கினா எஃப்4.5 ஆகிடும், சென்சார் பரப்பும் இசட்வி-ஈ10-ல மூணுல ஒரு பங்குதான். என்டி உள்ளே இல்ல. மைக் துளை இருக்கு, ஆனா ரிசீவரை மாட்ட மேல ஷூங்கிற காடி இல்ல, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கிட்டுத் திரியணும். நான் பகல்ல ஊர் சுத்துற ஆள், எனக்குச் சரி. விடியக்காலை ரதம்னா உபின் அண்ணன் சொல்றதைக் கேளுங்க.

ஈசூன் இளங்கோ

உபின் அண்ணே, ஒரு மறுப்பு. நின்னு தூரத்துல இருந்து எடுக்கணும்னு சொல்றீங்க, டிரைபாட் இல்லன்னு அவங்க சொல்றாங்க, அப்புறம் எப்படி ஆட்டம் அடக்காத லென்ஸைக் காட்டுறீங்க? டாம்ரான் 17-70 எஃப்2.8-ல ஆட்டம் அடக்குற வசதி இருக்கு. ஒன்றரை மடங்கு போட்டா 105 மி.மீ. வரைக்கும் போகும். அவங்க வேலைக்கு அதுதான் லென்ஸ். 11 மி.மீ.யை மறந்துடலாம், காசும் மிச்சம்.

செங்காங் செல்வி

எல்லாருக்கும் நன்றி. கறுப்புக் கோட்டுக்கு இப்பத்தான் காரணம் தெரிஞ்சது! முகத்துக்கு முன்னால குச்சியை நீட்டுறதைப் பத்தி நான் நினைச்சே பார்க்கல. தம்பிகிட்ட கேட்டேன், "நீ கிட்ட வராத, எனக்குக் கவனம் போயிடும்"னு அவனும் அதையேதான் சொல்றான். அப்ப பாக்கெட் 3 இல்ல.

டாம்ரான் பத்தி உபின் அண்ணன் என்ன சொல்றீங்க? அப்புறம், பழசு வாங்கினா என்ன பார்த்து வாங்கணும்? பெனின்சுலா கடைத்தொகுதிக்கு ஒரு சனிக்கிழமை போகலாம்னு இருக்கேன்.

உபின் படகு

இளங்கோ சொல்றது நியாயம். படம் எனக்கு வேணும்னா நானும் டாம்ரானைத்தான் மாட்டுவேன். ஆனா அது 525 கிராம், பாடியை விடக் கனம். கேமரா முன்னால தலை குப்புறச் சாயும், இடது கை லென்ஸைத் தாங்கியே ஆகணும். ஃபில்டரும் 67 மி.மீ. ஆகிடும். விடியக்காலை தொடங்கி மதியம் வரைக்கும் கூட்டத்துல நின்னு, அப்புறம் 500-க்கு மேற்பட்ட படி ஏறி, நடுவுல தம்பிக்குத் தண்ணியும் கொடுக்கணும். தங்கச்சி சின்னப் பைன்னு சொன்னதை வச்சுத்தான் சிக்மா சொன்னேன்.

வாதாடுறதை விட, ரெண்டையும் வாடகைக்கு எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேக்கா போங்க. பெருமாள் கோயில் வாசல்ல ஆரம்பிச்சு சிராங்கூன் சாலையில கூட்டத்தோட ஒரு மணி நேரம் நின்னு எடுங்க. வீட்டுக்கு வந்து டிவியில போட்டுப் பாருங்க. கையும் கண்ணும் சேர்ந்து முடிவு சொல்லிடும்.

பழசு வாங்குறப்ப லென்ஸோட பின்பக்கத்துல கைப்பேசி வெளிச்சத்தை அடிச்சு முன்பக்கமாப் பாருங்க. நூல் நூலாக் கிளை விட்டிருந்தா பூஞ்சை, எவ்வளவு மலிவா இருந்தாலும் வச்சுட்டு வந்துடுங்க. இந்த ஊர் ஈரத்துல அது சகஜம். வாங்கின பிறகு நீங்களும் ஒரு உலர்பெட்டி வாங்கி ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் நடுவுல வைங்க. பாடியில மைக் துளையில மைக்கைச் சொருகி ஆட்டிப் பாருங்க, கரகரன்னா வேண்டாம். திரைக் கீல் தளர்ந்திருக்கான்னு பாருங்க. கடைக்காரர் அனுமதிச்சா 4கே-ல பதினஞ்சு நிமிஷம் ஓடவிடுங்க. சூடாகும், அது வழக்கம்தான். மெனுவுல தானா அணையுற வெப்ப அளவை உயர்வுன்னு மாத்திட்டா சட்டுனு அணையாது.

பேட்டரி என்பி-எஃப்டபிள்யூ50, சின்னது. குறைஞ்சது மூணு வேணும். பவர் பேங்கும் பேட்டரியும் விமானத்துல கைப்பையிலதான் போகணும், பெட்டியில போடாதீங்க. கார்டு வி30ங்கிற வேகம் போதும், 100 மெகாபிட்ல 64 ஜிபிக்கு ஏறக்குறைய 85 நிமிஷம் வரும். பெரிய கார்டு ஒண்ணை விட 64 ரெண்டு நல்லது.

அத்தை வீட்ல ஏசி அறையில கேமராவை வைக்காதீங்க. விடியக்காலை வெளியே எடுத்துட்டு வந்தா லென்ஸ் முழுக்க வேர்த்துடும், ரதம் போன பிறகுதான் தெளியும். கூடத்துலயே வைங்க. வழியில்லேன்னா பையை மூடினபடி கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னால வெளியே வச்சுடுங்க. ரதம் ஜார்ஜ்டவுன்ல இருக்கிற நகரத்தார் கோயில் வீட்ல இருந்து கிளம்புற நாள் முதல் ஃபெரி நேரத்தையும் அத்தைகிட்ட கேட்டுக்குங்க. அது பிந்தினா பாலத்து வழியா கார்லதான் போகணும், ரோடு அடைப்பைப் பார்த்து இறங்கி நடக்க வேண்டி வரும்.